ஓர்பன் பாதி படித்த ஊர்

ஐரோப்பாவின் புதிய பலவான்கள் சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எது? விட்டுவிட்டது எது?

சனிக்கிழமை மாலை சைனாடவுன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பகோடா தெருவில் நடந்தால், காகித விசிறியும் பட்டுச் சுருக்குப்பையும் விற்கும் கடைவரிசை தீர்கிற முனையில் மாரியம்மன் கோயில் தெரிகிறது. மதில்மேல் மாடுகள் கால்மடக்கிப் படுத்திருக்கின்றன. உள்ளே பூசை மணி அடிக்கிறது, வெளியே கோபுரத்தைப் படமெடுக்கச் சுற்றுப்பயணிகள் பின்னோக்கி நடந்து ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறார்கள். தெருவுக்குப் பகோடா என்று பேர் வந்தது இந்தக் கோபுரத்தால்தான், நம் தின்பண்டத்துக்கு அதில் பங்கில்லை. அடுத்த மூலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலின் இரட்டை மினாராக்கள். அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலையிலேயே வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஹோங் லிம் பூங்கா வரும். ஒரு புல்வெளி, சில மரங்கள், கண்காணிப்புக் கேமராக்கள், இங்கே யார் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று சொல்லும் அறிவிப்புப் பலகை. காவல்துறை உரிமம் வாங்காமல் திறந்தவெளியில் அரசியல் பேசக் குடிமக்களுக்கு விடப்பட்டிருக்கும் இடம் இந்தப் பேச்சாளர் முனைதான்.

இந்தப் புல்வெளிக்கும் ஐரோப்பாவுக்கும் என்ன தொடர்பு? 2014 ஜூலை 26 அன்று ருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியில், ஹங்கேரிய வம்சாவளியினர் கூடும் கோடை முகாமில் ஹங்கேரியின் அன்றைய பிரதமர் விக்டர் ஓர்பன் பேசினார். மேற்கத்திய பாணியில் இல்லாத, தாராளவாத ஜனநாயகம் அல்லாத, ஒருவேளை ஜனநாயகமே அல்லாத அரசுகளும் வெற்றி பெறுகின்றன என்பது அவர் வாதம். உதாரணமாக அவர் அடுக்கிய நாடுகள் சிங்கப்பூர், சீனா, இந்தியா, துருக்கி, ரஷ்யா. தன் நாட்டையும் தாராளவாதம் அல்லாத அரசாகக் கட்டுவேன் என்றார். அந்த உரையை ஐரோப்பா இன்றுவரை விவாதிக்கிறது. பட்டியலில் முதலாவதாக வந்த ஊரில் அதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. பாராட்டிய மனிதரிடம் போய்க் கணக்குக் கேட்பது நம் வழக்கமில்லை போலும்.

கேட்டாக வேண்டும். ஓர்பன் போன்றோர் ‘சிங்கப்பூர் முறை’ என்று ஒற்றைச் சொல்லில் சுட்டுவது உண்மையில் இரண்டு ஏற்பாடுகள். சிறிய சமூகங்கள் பெரிய சமூகத்தின் எண்ணிக்கையில் மூழ்கிவிடாமல் காக்கும் சட்ட ஏற்பாடு ஒன்று. ஆளும் கட்சியின் நாற்காலி ஆடாமல் காக்கும் ஏற்பாடு மற்றொன்று. சிங்கப்பூரில் இரண்டும் ஒரே சுவரில் சேர்த்துப் பூசப்பட்டிருப்பதால் பிரித்துப் பார்ப்பது கடினம். ஐரோப்பாவின் பலவான்கள் இரண்டாவதை மட்டும் பெயர்த்துக்கொண்டு, முதலாவதன் நற்பெயரையும் சேர்த்து எடுத்துப் போகிறார்கள்.

பீரங்கி இல்லாமல்

ஐரோப்பாவின் நிலவரத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2022இல் இத்தாலியில் ஜோர்ஜா மெலோனியின் கட்சி சுமார் 26 விழுக்காட்டு வாக்குகளுடன் முதலிடம் பிடித்தது. 2024 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் மரீன் லெ பென்னின் கட்சி முன்னணியில் வந்து, இரண்டாம் சுற்றில் மூன்றாமிடத்துக்கு இறங்கியது. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் ‘ஜெர்மனிக்கு மாற்று’ கட்சி 20.8 விழுக்காடு பெற்று இரண்டாவது பெரிய கட்சியானது. இவை எல்லாம் வாக்குப்பெட்டியின் வழியாக வந்த மாற்றங்கள். தீவிர வலதுசாரிக்கு வாக்குக் கூடுவதாலேயே ஜனநாயகம் செத்துவிடாது. கேள்வி, வென்றவர் அடுத்த தேர்தலில் தோற்கும் வழியைத் திறந்து வைக்கிறாரா என்பதே.

ஹங்கேரி அதற்கான பாடம். 2010இல் ஓர்பனின் ஃபிடெஸ் கட்சி சுமார் 53 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டு மூன்றில் இரு பங்கு இடங்களைப் பிடித்தது. 2011இல் தனிக்கட்சியாகவே புதிய அரசியல் சாசனத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்ற இடங்கள் 386இலிருந்து 199ஆகக் குறைந்தன, தொகுதி எல்லைகள் புதிதாக வரையப்பட்டன, இரண்டாம் சுற்று வாக்களிப்பு நீக்கப்பட்டது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62க்கு இறக்கப்பட்டு மூத்தவர்கள் ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டனர். அது தவறு என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2018இல் 400க்கும் மேற்பட்ட ஊடகங்கள் அரசுக்கு நெருக்கமான ஓர் அறக்கட்டளையின் கீழ் வந்தன. எங்கும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. எல்லாம் அரசிதழில் அச்சான சட்டங்கள்தாம். 2022 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஹங்கேரியை இனி முழு ஜனநாயகமாகக் கருத முடியாது, அது தேர்தல் நடத்தும் ஒருவகை எதேச்சாதிகாரம் என்று தீர்மானம் போட்டது.

▣ பெட்டிச் செய்தி: வாக்கு எவ்வளவு, இடம் எவ்வளவு?
ஹங்கேரி 2014: ஃபிடெஸ் சுமார் 45% வாக்கு, 199இல் 133 இடம்.
பிரிட்டன் 2024: தொழிற்கட்சி 33.7% வாக்கு, 650இல் 411 இடம்.
சிங்கப்பூர் 1984: மக்கள் செயல் கட்சி (மசெக) 64.8% வாக்கு, 79இல் 77 இடம்.
சிங்கப்பூர் 2020: மசெக 61.24% வாக்கு, 93இல் 83 இடம்.
சிங்கப்பூர் 2025: மசெக 65.57% வாக்கு, 97இல் 87 இடம்.

பெட்டியைப் பார்த்ததும் ஒரு மறுப்பு எழும். பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்தே அசுர பலம் கிடைக்கிறதே, சிங்கப்பூரை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும்? நியாயமான மறுப்பு. விடுதலைக்குப் பின் மசெக ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் வாக்களித்தோரில் பெரும்பாலோரின் ஆதரவை நேர்மையான எண்ணிக்கையில் பெறுகிறது. பெட்டி மாறுவதில்லை, கள்ள ஓட்டு இல்லை. ஆனால் பிரிட்டனில் அதே விதி 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு உதவியது, ஐந்தே ஆண்டில் அக்கட்சியைத் தரைமட்டமாக்கியது. விதி எவருக்கும் சொந்தமில்லை. ஆகவே வீக்கத்தின் அளவைவிட, விதியை மாற்றும் பேனா யார் கையில் இருக்கிறது, எப்போது அது எழுதத் தொடங்கியது என்பதையே பார்க்க வேண்டும். அதைப் பார்க்கச் சைனாடவுனிலிருந்து தெற்கே நடந்தால் போதும்.

ஆன்சன்காரர்கள்

துறைமுகத்தை ஒட்டிய ஆன்சன் தொகுதி இன்று வரைபடத்தில் இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்த வட்டாரம் முழுவதும் அரசியல் கொதித்த இடம். ஹோங் லிம் திடலில் கூட்டங்கள் நடந்தன. 1961 ஏப்ரலில் ஹோங் லிம் இடைத்தேர்தலில், மசெகவிலிருந்து நீக்கப்பட்ட ஓங் எங் குவான் அக்கட்சியையே பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியின் டேவிட் மார்ஷல் வென்றார். மசெகவில் பிளவு வெடித்து இடதுசாரிக் கட்சியான பாரிசான் சோஷியாலிஸ் பிறந்தது. 1963 பிப்ரவரி 2 விடியலில் ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் இடதுசாரித் தலைவர்களும் தொழிற்சங்கத்தாரும் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். மேற்கு ஜெர்மனியும் 1952இல் ஒரு நாஜி வாரிசுக் கட்சியையும் 1956இல் கம்யூனிஸ்டுக் கட்சியையும் தடைசெய்ததே என்று கேட்பவர்கள் உண்டு. தடைசெய்தது உண்மை. ஆனால் அங்கே அதைச் செய்தது அரசியல் சாசன நீதிமன்றம், வழக்கு விசாரித்து, தீர்ப்பு எழுதி. இங்கே ஆணையில் கையெழுத்திட்டவர்கள் அரசியல்வாதிகள்.

1966இல் பாரிசான் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து வெளியேறிய பிறகு, 1968 முதல் 1980 வரை நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடமும் மசெகவுக்கே. அந்த வெறுமையைக் கலைத்தது ஆன்சன். தொகுதி உறுப்பினர் தேவன் நாயர் அதிபரானதால் 1981 அக்டோபர் 31 அன்று இடைத்தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞர், பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் 7,012 வாக்குகள் பெற்றார், மசெக வேட்பாளர் பாங் கிம் ஹின் 6,359. வித்தியாசம் 653. அங்கிருந்த துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் காலிசெய்யப்பட்ட விதத்தில் எழுந்த கோபம் வாக்காக மாறியது. நாட்டின் பற்றுறுதியை எழுதிய எஸ். ராஜரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான். அவர் அமைச்சர் வரிசையிலும் இவர் எதிர்வரிசையிலும் அமர்ந்த அவை, ஓர் இனத்துக்கு ஓர் அரசியல்தான் உண்டு என்ற எண்ணத்தை அன்றே பொய்யாக்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஆன்சன் வெவ்வேறு காலங்களில் ஒரு யூதரையும் (மார்ஷல்), ஒரு மலையாளியையும் (நாயர்), ஒரு தமிழரையும் அவைக்கு அனுப்பியிருக்கிறது. பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

ஜெயரத்தினம் 1984இல் மீண்டும் வென்றார். 1986இல் கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட, பதவி பறிபோனது. வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவரை வழக்கறிஞர் பட்டியலில் மீண்டும் சேர்த்ததுடன், அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகவும் கருத்துரைத்தது. இடம் மட்டும் திரும்பி வரவில்லை. அதே 1988இல் ஆன்சன் தஞ்சோங் பகாரில் கரைந்தது. தஞ்சோங் பகார் 1991இல் குழுத்தொகுதியானது. 1991, 1997, 2001, 2006, 2011 என ஐந்து பொதுத்தேர்தல்களில் அங்கே போட்டியே இல்லை. அடுத்தபடியாக அந்த வட்டாரத்து வாக்காளர்கள் பொதுத்தேர்தலில் வாக்குச்சீட்டைத் தொட்டது 2015இல். 1981இல் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த ஒரு பகுதி, ஒரு தலைமுறைக் காலம் வாக்களிக்கும் வாய்ப்பே இல்லாமல் கிடந்தது.

ஒரே சுவர், இரு வேலை

1988இல் குழுத்தொகுதி முறை வந்தபோது அரசு சொன்ன காரணம் உண்மையானது. வாக்காளர்கள் தங்கள் இனத்து வேட்பாளரையே நாடத் தொடங்கினால் மலாய்க்காரரும் இந்தியரும் அவையிலிருந்து மறைந்துபோகலாம். 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்போரில் இந்தியர் 9 விழுக்காடு, எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் எல்லா இனத்தவரையும் கலந்து வைத்ததால் இனவாரியாக ஒரு வட்டாரமும் உருவாக முடியாது. சேரிகளாக ஒதுங்கிப் போன பாரிஸ் புறநகரங்களை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆனால் கலந்து வைத்துவிட்டால் பிரதிநிதித்துவத்துக்கு வேறு உத்தரவாதம் வேண்டும். அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்ற விதி அந்த உத்தரவாதம். இன்று அவையில் தமிழ்க் குரல் ஒலிப்பது எவருடைய தயவாலும் அல்ல, சட்டத்தால்.

அதே சுவரின் மறுபக்கம் வேறு. மூன்று பேர் அணி 1991இல் நாலாகவும் 1997இல் ஆறுவரைக்கும் வீங்கியது. சிறுபான்மை வேட்பாளர் ஒருவருக்கு இடம் உறுதிசெய்ய ஆறு பேர் எதற்கு? ஓர் அமைச்சரின் தோளில் புதுமுகங்கள் ஏறி வர அது வசதி என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2025இல் ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் அணிக்கு 67,500 வெள்ளி என்பது சிறு கட்சிக்கு மலை. இதைவிட வலுவான சான்று 2017இல் கிடைத்தது. மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியின் சிறுபான்மை உறுப்பினர் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காகப் பதவி விலகியபோது இடைத்தேர்தல் நடக்கவில்லை. நடத்தத் தேவையில்லை என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. எந்த இடத்துக்காக முழு ஏற்பாடும் கட்டப்பட்டதோ அந்த இடம் காலியாகவே இருக்கலாம், அணியில் மிச்சமிருப்போர் தொடரலாம். அப்படியென்றால் சுவர் முதலில் யாரைக் காக்கிறது?

ஹங்கேரியும் இதில் நம்மிடமிருந்து அதிக தூரத்தில் இல்லை. அங்கே தேசிய சிறுபான்மையினருக்குக் குறைந்த வாக்கிலேயே ஓர் இடம் கிடைக்கச் சட்டம் வழி வைத்தது. 2018இல் ஜெர்மானியச் சிறுபான்மையினர் அந்த இடத்தைப் பெற்றார்கள். அது நடைமுறையில் ஆளும் கட்சிக்குக் கூடுதல் வாக்காகவே பயன்பட்டது. எண்ணிக்கையில் பெரிதான ரோமா மக்களுக்கு அத்தேர்தலில் முழு உறுப்பினர் கிடைக்கவில்லை. சிறுபான்மையின் நாற்காலி ஆட்சியின் நாற்காலிக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையாவது எந்தக் கண்டத்திலும் நடக்கக்கூடியது.

மினாராவுக்கு வாக்கெடுப்பு

நான் சொல்வதற்கு எதிரான மிக வலுவான வாதத்தை மறைக்க விரும்பவில்லை. வெறும் பெரும்பான்மை வாக்கு சிறுபான்மையைக் காக்காது என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. நேரடி ஜனநாயகத்தின் தாய்வீடான சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பர் 29 அன்று, புதிய மினாராக்கள் கட்டத் தடைவிதிக்கும் திருத்தத்துக்கு 57.5 விழுக்காட்டினர் ஆதரவளித்தார்கள். அப்போது அந்நாட்டில் இருந்த மினாராக்கள் நான்கே நான்கு. சைனாடவுனிலோ சீனர் பெரும்பான்மையான வட்டாரத்தின் நடுவில் மினாராவும் கோபுரமும் நிற்கின்றன. பகோடா தெரு, கோயில் தெரு, மசூதித் தெரு என்று தெருக்களே அவற்றின் பேரில் அமைந்திருக்கின்றன. 1964இன் இனக் கலவரங்களைக் கண்ட தீவு இதை எதேச்சையாகச் சாதிக்கவில்லை. ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பாரின் கவலை அசட்டுக் கவலை அல்ல.

ஆனால் அந்த மினாராவைக் காப்பது எது? வழிபாட்டுரிமையும் சிறுபான்மை உரிமைக்கான அதிபர் மன்றமும் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டமும். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் அபராதத்தில் பதவி இழப்பதால் எந்தப் பள்ளிவாசலுக்கும் ஒரு செங்கல்லும் கூடவில்லை. 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்றார். ஒரு தேர்தலை வைத்து இனவுணர்வு மறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாக்காளரைப் பற்றிய 1988இன் அச்சத்தை மறுபரிசீலனை செய்ய அது போதுமான காரணம்.

பொய் எது என்று யார் சொல்வது?

2024 டிசம்பர் 6 அன்று ருமேனியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே ரத்து செய்தது. டிக்டாக் வழியாக ஒரு வேட்பாளர் திடீரென உயர்த்தப்பட்டதில் வெளிநாட்டுக் கை இருப்பதாக எழுந்த சந்தேகம்தான் பின்னணி. இதைப் பார்த்துச் சிங்கப்பூர் அதிகாரிகள், நாங்கள் முன்பே சொன்னோமே என்று புன்னகைத்தால் ஆச்சரியமில்லை. 2019இல் பொய்ச் செய்திக்கு எதிரான பொஃப்மா, 2021இல் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான ஃபிக்கா என இரு சட்டங்கள் இங்கே தயார். 2025 பொதுத்தேர்தல் பிரசாரத்தின்போது, சமய அடிப்படையில் வாக்களிக்கத் தூண்டிய வெளிநாட்டவர் பதிவுகளை முடக்குமாறு மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவு போனது. எதிர்க்கட்சியும் அடையாள அரசியலை ஏற்கவில்லை. அந்த வேகம் பாராட்டத்தக்கது.

வேறுபாடு வரிசையில் இருக்கிறது. ருமேனியாவில் முடிவெடுத்தது நீதிமன்றம், அந்த முடிவே இன்னமும் அங்கே சர்ச்சை. பொஃப்மாவில் எது பொய் என்று முதலில் சொல்வது அமைச்சர். திருத்த அறிவிப்பு உடனே ஒட்டப்பட வேண்டும், நீதிமன்றம் அதற்குப் பிறகுதான். 2019 நவம்பரில் வந்த முதல் உத்தரவே ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் ஃபேஸ்புக் பதிவின் மீது. நல்ல அமைச்சர்கள் கையில் இது நன்றாகவே நடக்கலாம். ஆனால் சட்டம் எழுதுபவர் தன்னைவிட மோசமான வாரிசை மனத்தில் வைத்து எழுத வேண்டும். இந்தக் கருவியை அப்படியே புடாபெஸ்டின் கையில் கொடுத்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும்.

▣ பெட்டிச் செய்தி: ஒரு புல்வெளியின் கதை
2000 செப்டம்பர் 1: ஹோங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனை திறப்பு. இனம், சமயம் பேசத் தடை.
2008 செப்டம்பர்: ஆர்ப்பாட்டத்துக்கும் அனுமதி.
2009: பாலினச் சிறுபான்மையினருக்கு ஆதரவான பிங்க் டாட்டின் முதல் கூட்டம்.
2013 பிப்ரவரி 16: 2030க்குள் மக்கள்தொகை 69 லட்சத்தை எட்டலாம் என்ற வெள்ளை அறிக்கையை எதிர்த்துப் பேரணி.
2017: வெளிநாட்டவர் கூட்டத்தில் நிற்கவும் தடை, பிங்க் டாட் கூட்டத்தைச் சுற்றித் தடுப்புவேலி, அடையாள அட்டைச் சோதனை.

சோறு பதமானால் போதாதா?

வீடு, வேலை, சுத்தமான நிர்வாகம் எல்லாம் கிடைக்கும்போது எதிர்க்கட்சி எதற்கு என்பது கடைசி மறுப்பு. ஓர்பனின் உரைக்கும் இதுவே அடிநாதம். 2011 இதற்கு விடை சொல்லிவிட்டது. அந்தத் தேர்தலில் மசெகவின் வாக்கு 60.1 விழுக்காடாக இறங்கியது, அல்ஜுனிட் குழுத்தொகுதி பாட்டாளிக் கட்சியிடம் போனது. சிறுபான்மைக் கோட்டை என்று கட்டியதை எதிர்க்கட்சி ஏறிப் பிடித்த முதல் நாள் அது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பிரசாரத்தின்போதே தவறுகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு அமைச்சர்களின் ஊதியம் குறைந்தது. வீவக வீடுகள் கட்டும் வேகம் கூடியது. சோறு பதமாகாததை எவரும் அறிக்கை எழுதித் தெரிவிக்கவில்லை. வாக்குச்சீட்டு தெரிவித்தது. 2020இல் செங்காங்கும் போனது, எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி முறையாக ஏற்கப்பட்டது.

ஓர்பன் தவறவிட்டது இந்தத் திசையைத்தான். 1968இல் ஒற்றைக் கட்சி அவையாக இருந்த சிங்கப்பூர், ஒவ்வோர் அங்குலமாகப் பல குரல்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1990இல் பல குரல்களோடு விடுதலை பெற்ற ஹங்கேரியை அவர் எதிர்ப்புறம் திருப்பிவிட்டு, போகும் வழிக்குச் சிங்கப்பூர் என்று பெயர்ப்பலகை வைத்தார். போலந்து வாக்காளர்கள் 2023 அக்டோபரில் 74 விழுக்காடு திரண்டு வந்து, நீதித்துறையை எட்டாண்டாக வளைத்த கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கியதும் அந்த வழி கட்டாயமான வழி அல்ல என்று காட்டியது.

பட்டியலில் இல்லாதவர்கள்

இந்த விவாதத்தில் சிங்கப்பூர்த் தமிழருக்குத் தனிக் கணக்கொன்று இருக்கிறது. மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நார்வே போன கம்சாஜினி குணரத்தினம், 2011 ஜூலை 22 அன்று ஊட்டோயா தீவில் இளைஞர் முகாமில் இருந்தார். பல்லினச் சமூகத்தை வெறுத்த தீவிர வலதுசாரி ஒருவன் அத்தீவில் 69 பேரின் உயிரைப் பறித்த நாள் அது. நீந்தித் தப்பிய அவர் 2015இல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் போனார். நார்வேயில் மூன்றாண்டு வசித்த வெளிநாட்டவர்கூட உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தத் தாராளம்தான் ஐரோப்பாவில் வலதுசாரியை வளர்த்தது என்பவர்களிடம் ஹங்கேரியைக் காட்டலாம். அங்கே குடியேறியோர் மிகக் குறைவு, ஆனாலும் 2015இல் எல்லையில் வேலி எழுந்தது அங்கேதான்.

நம் உத்தரவாதங்கள் குடிமக்கள் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. ஐம்பதுகளில் பத்திரிகையாசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழரைத் துரத்தித் துரத்திச் சொன்னதன் பயனைத்தான் இன்றைய ஒன்பது விழுக்காடு அனுபவிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிறையும் கட்டுமானத் தொழிலாளிக்கு அந்தக் குடியுரிமைப் படிவம் கிடையாது. தமிழ்நாட்டிலும் அவர் நேரில் போய் நின்றால்தான் வாக்கு. விமானக் கட்டணமும் விடுப்பும் அதற்கு இடம் தருவதில்லை. இரண்டு நாடுகளின் தேர்தல் நாளிலும் அவர் சாரத்தின்மேல் நிற்கிறார். சைனாடவுனில் வேலை முடிந்து திரும்பும் மாலையில் ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் நடந்தால், வேலை அனுமதி அட்டையோடு உள்ளே நிற்க அவருக்குச் சட்டம் இடம் தராது. புல்வெளியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டியதுதான்.